அம்மாவை யார் பார்ப்பது என்று பேசத் தொடங்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஆஸ்பத்திரி வார்டில்தான் தொடங்குகிறது. விடியற்காலையில் கக்கூசுக்குப் போன அம்மா பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்திருப்பார். இடுப்பு எலும்பு முறிந்து டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ நாவலப்பிட்டியிலோ கிடப்பார். "நாளைக்குத் துண்டு வெட்டுவோம், கூட்டிக்கொண்டு போங்கள்" என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் கொழும்புக் கடையில் நிற்கும் மகனும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கும் மருமகளும், குவைத்தில் இருக்கும் மகளும் போனில் பேசத் தொடங்குவார்கள். ஒரே ராத்திரிக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்து (குழந்தைகள் காப்பகத்து) ஆயம்மாவாக இருந்தவள். பென்ஷன் இல்லாத வேலை. ஓய்வுக்குப் பிறகு என் அப்பாவைக் கடைசி வரைக்கும் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். அதைப் பார்த்து அக்கம் பக்கத்து டிவிசன்களில் இருந்து ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். போவேன், அந்தப் பெரியவரோடு ஒரு பிளேன்டீ குடிப்பேன், வீட்டைச் சுற்றிப் பார்ப்பேன், அப்புறம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் ராத்திரியைப் பற்றித்தான் கேட்பேன். இரண்டு மணிக்கு அவர் எழும்பினால் யார் முழித்துக்கொள்வார்கள்? கக்கூஸ் எத்தனை அடி தூரம், நடுவில் எத்தனை படி? திடீரென்று மூச்சு இழுத்தால் ரோட்டு வரைக்கும் யார் தூக்குவார்கள்? பகலில் லயத்தில் யாராவது இருப்பார்கள், ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) கேட்கும். ராத்திரிக்குத்தான் பதில் வேண்டும். சொந்த வீடு, மகன் வீடு, முதியோர் இல்லம் எதுவாக இருந்தாலும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் அந்த இடம் சரி. இல்லாவிட்டால் எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த ஏற்பாடு நிற்காது.

அவரிடமே கேட்பது

அவர் நன்றாகப் பேசும் காலத்திலேயே கேட்டுவிட வேண்டும். எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். தனியாக, கொழுந்து நிறுத்துக் காசு கணக்குப் பார்க்கும் குரலில் இல்லாமல், மெதுவாகக் கேளுங்கள். முதலில் வரும் பதில் எனக்குத் தெரியும்: "எனக்கென்ன தம்பி, எங்க போட்டாலும் கெடப்பேன்." அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுக்க யாரும் விருப்பம் கேட்காத ஒருவர் வேறு எப்படிச் சொல்வார்? இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள்.

எங்கே இருக்க விருப்பம் என்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு வைக்க வேண்டும். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் யார் வந்தால் கூச்சம் இல்லை? மருமகள் தொட்டால் கூசும் மாமியார்கள் உண்டு, மகள் தொட்டால் அழும் அப்பாக்கள் உண்டு. அவர் காசை யார் கையில் கொடுக்கலாம்? கடைசிக் காரியம் எங்கே நடக்க வேண்டும்? இந்தத் தோட்டத்து மண்ணில், தப்பு அடித்து, தன் வீட்டுக்காரர் பக்கத்தில் என்று ஒரு அம்மா சொன்னால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்குக் கூட்டிப்போவதா என்று யோசிக்கும்போது அந்த வரி உதவும். வேறு இடத்துக்குப் போனாலும் தோட்டத்து மரண உதவிச் சங்கச் சந்தாவை நிறுத்தாதீர்கள்.

கடதாசியும் காசும்

கவனிப்புக்கு இரண்டு கை வேண்டும், அந்தக் கைக்குக் காசு வேண்டும். ஆகவே வீட்டைத் தொடுவதற்கு முன் கடதாசிகளைப் பாருங்கள்.

எங்கள் சனங்களுடைய பெரிய சிக்கல் பெயர். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் மாரிமுத்தாயி என்று இருக்கும். பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. சேமலாப நிதி எடுக்கப் போகும் அன்றுதான் இது பிரச்சினையாக வெடிக்கும். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, தோட்ட ஆபிசில் கடிதமும் வாங்கி வைத்துவிடுங்கள். அவரைத் தெரிந்த கிளாக்கர் இடம் மாறிப் போவதற்குள் செய்தால் நல்லது. பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். கிராம சேவகரில் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் முடியும் வேலை அது. முன்பு மஸ்கெலியா, பொகவந்தலாவைச் சனங்கள் கினிகத்தேனை வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டி இருந்தது. நோர்வூட்டில் பிரதேச செயலகம் வந்த பிறகு அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது.

வரவேண்டிய காசைத் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் போட்டிருக்க வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு எடுக்கலாம். தோட்டம் மட்டும் 3 வீதம் போடும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. இதற்கு மேல் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய கூலியில் 14 நாள் சம்பளம் உரியது. கடைசி நாட்கூலி 1,350 ரூபாய், சேவை 30 வருடம் என்றால் 5,67,000 ரூபாய். கொப்பியில் நீங்களே போட்டுப் பாருங்கள். வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தொழிற்சங்கத் தலைவரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

60 வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை தருகிறார்கள். முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் அங்கே இருப்பார், அவரைக் கேட்டுப் போங்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் வரிசையில் முன்னுரிமை கேட்க அந்த அட்டை உதவும். 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 2025இல் அதை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகக் கூட்டினார்கள். அரசாங்க நிவாரணத் திட்டமான அஸ்வெசுமவில் குடும்பத்தைப் பதியும்போது பெரியவருடைய பெயரை விட்டுவிடாதீர்கள்.

இனி நான் ரொம்பவும் மன வருத்தத்தோடு சொல்லும் விசயம். சேமலாப நிதி கைக்கு வந்த அன்றைக்கே மகனுக்கு ஒரு த்ரீவீல், மகளுக்கு ஒரு சங்கிலி, மிச்சத்தில் ஒரு டிவி என்று முடிந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு. அது அந்த அம்மாவின் மருந்து, மெத்தை, ராத்திரித் துணை எல்லாம்தான். அவர் பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள், வட்டி மாதாமாதம் வரும்படி. கைநாட்டு வைப்பவராக இருந்தாலும் புத்தகம் அவரிடம் இருக்கட்டும். வீட்டுக்கு உறுதி கிடைத்திருந்து பிள்ளை பெயருக்கு மாற்ற நினைத்தால், பெரியவருக்குச் சீவிய உருத்து வைத்து எழுத முடியுமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். அப்படி எழுதினால் அவர் உயிரோடு இருக்கும் வரை அவரை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது.

லயத்துக் காம்பராவில் வைத்துப் பார்ப்பது

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் வழி, பெரும்பாலான பெரியவர்களுடைய விருப்பமும் இதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேருக்கு நடுவில் எப்படி என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் சில வேலைகளைச் செய்ய வேண்டும்.

கக்கூசில் தொடங்குங்கள். எங்கள் லயங்களில் அது பின்னால், கானைத் தாண்டி, சில இடங்களில் படி இறங்கிப் போகும் தூரத்தில் இருக்கும். பாசியைச் சுரண்டிப் பாதையைச் சொரசொரப்பாகச் சீமெந்து பூசுங்கள். படியின் ஒரு பக்கம் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய்க் கைப்பிடி வையுங்கள். அதை மண்ணில் நட்டால் முதல் மழையில் ஆடும், சீமெந்தில் இறுக்குங்கள். உள்ளே குந்தும் கக்கூஸ்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய தண்டனை. டவுனில் வெல்டிங் கடைக்குப் போய், நடுவில் ஓட்டை வைத்த இருக்கையோடு ஒரு இரும்பு நாற்காலிச் சட்டம் செய்து தரச் சொல்லி அதன் மேலே வைத்துவிடுங்கள். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் படும் உயரம் வேண்டும். பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டி வைக்கிறார்கள், வேண்டாம். வெட்டிய கதிரை பாரம் தாங்காமல் பிளந்து ஆளைக் கிழித்துவிடும்.

ராத்திரியில் அந்தப் பாதையே வேண்டாம். இஸ்தோப்பின் (முன் வராந்தாவின்) ஒரு மூலையைத் தடித்த திரைச்சீலையால் மறைத்து, அதே மாதிரி நாற்காலிக்குக் கீழே மூடியுள்ள வாளி வையுங்கள். திரைச்சீலையைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும்படி போக வேண்டி வந்தால், பெரியவர்கள் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதிலிருந்து மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல், புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும். "கெழவி என்னமோ உளறுது" என்று பூசாரியிடம் கூட்டிப்போன ஒரு அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி. மருந்து குடித்ததும் தெளிந்துவிட்டார்.

கட்டில் முழங்கால் உயரம் இருக்க வேண்டும், தாழ்ந்தால் செங்கல் வைத்து உயர்த்தலாம். சுவரில் கைப்பிடி, கைக்கெட்டும் இடத்தில் டோர்ச், ஒரு கிளாஸ் தண்ணீர், தட்டிக் கூப்பிட ஒரு தட்டும் கரண்டியும். பிரஷர் மருந்து குடிப்பவர் எழும்பினால் கட்டிலோரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை சுற்றல் இல்லை என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும். கண்ணில் புரை விழுந்திருந்தால் அதை அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து எடுக்கலாம். 1986 முதல் இயங்கும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவும் வசதியில்லாத முதியோரின் கண் சிகிச்சைக்கு உதவுகிறது. பார்வை திரும்பினாலே பாதி விழுகைகள் நின்றுவிடும் என்பது நான் கண்ணால் கண்டது.

அப்புறம் குளிர். தை மாசத்து நுவரெலியாக் குளிர் வெளியூர்க்காரருக்குப் புரியாது. வயதான உடம்பு குளிர்வதை அவருக்கே சொல்லாது. ஒரு பெரிய கம்பளியை விட இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு, காலுக்கு மேஸ், தலைக்குக் குல்லா என்று போட்டால் சூடு நிற்கும். தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் அந்தக் காற்று ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சுடுதண்ணீர்ப் பை வைத்தால் துணியில் சுற்றி வையுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும், வெந்து கொப்பளித்தாலும் தெரியாது. அடுப்புப் புகை அவர் படுக்கும் பக்கம் வராதபடி பாருங்கள். இழுப்புக்காரருக்கு மருந்தை விட இது முக்கியம்.

ஞாபக மறதி தொடங்கியவர் என்றால், கதவில் ஒரு ஆட்டு மணி கட்டுங்கள். ராத்திரியில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாச்சு என்று கூடையைத் தேடிக் கிளம்பும் பெரியவர்கள் உண்டு. தடுத்துச் சண்டை போடாதீர்கள். "இன்னைக்கு லீவு, நாளைக்குப் போகலாம்" என்று சொல்லிப் படுக்க வையுங்கள். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

யார் பார்ப்பது

இதில் எனக்குக் கறாரான ஒரு கருத்து இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பேத்தியை நிறுத்தி ஆச்சியைப் பார்க்க வைக்காதீர்கள். "ஒரு வருசம்தானே" என்றுதான் தொடங்குவார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை அப்படியே வீட்டில் நின்று, பிறகு கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஆச்சியும் அதை விரும்ப மாட்டார்.

மருமகள் ஒருத்தி தலையில் மட்டும் கட்டுவதும் சரியில்லை. அவள் காலையில் மலைக்குப் போய் நாலரை மணிக்கு வந்து, சமைத்து, ராத்திரி இரண்டு தடவை எழும்பினால், மறுநாள் சரிவில் கூடையோடு அவள் விழுவாள். ஆகவே வெளியில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புவதோடு நிற்காமல் ராத்திரிகளையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மகன் வந்து அம்மா பக்கத்தில் படுத்தால் அண்ணி இரண்டு ராத்திரி தூங்குவாள். வர முடியாதவர் அந்த ராத்திரிக்கு ஆள் வைக்கக் காசு கொடுக்கட்டும்.

ஆள் வைப்பது என்றதும் கொழும்பு, கண்டி ஏஜென்சியை நினைத்துப் பயப்படுகிறார்கள். பக்கத்து லயத்தில் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒரு அக்கா போதும். அவருக்கு அம்மாவைத் தெரியும், பாஷையும் தெரியும், ராத்திரி ரோட்டில் வர வேண்டியதில்லை. ஆனால் "நம்ம அக்காதானே" என்று சம்பளத்தை மழுப்பாதீர்கள். எத்தனை மணிக்கு வருவது, என்ன வேலை, எவ்வளவு காசு, எந்த நாள் லீவு என்று பேசி எழுதி வையுங்கள். பராமரிப்பாளர் பயிற்சிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. வெளிநாடு போவதற்காக அதைப் படித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலேயே இருக்கலாம், விசாரியுங்கள்.

யார் பார்த்தாலும் சில வேலைகளைக் கையில் பிடித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். இடுப்பு, முதுகுத்தண்டின் அடி, குதிகால் மூன்றையும் தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சாப்பாட்டை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். படுத்தபடி கஞ்சி ஊற்றி, அது நெஞ்சுக்குள் போய் நியூமோனியா வந்து இறந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

என் மனதில் இருக்கும் ஒரு ஆசையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் குறைந்து மூடிக் கிடக்கும் பிள்ளை மடுவங்கள் சில தோட்டங்களில் உண்டு. அதில் பகலில் பெரியவர்களை வைத்துப் பார்த்தால் என்ன? கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பக்கத்திலேயே கக்கூஸ் இருக்கிறது. கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. தோட்ட நலன்புரி உத்தியோகத்தரும் அந்தச் சங்கமும் சேர்ந்தால் நடக்கக்கூடிய காரியம். உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு கட்டிடம் சும்மா கிடந்தால் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள்.

கொழும்பு மகன் வீடும் முறை வைத்துப் பார்ப்பதும்

கூட்டிப்போவது தப்பில்லை. ஆனால் முதலில் ஒரு மாசம் வைத்துப் பாருங்கள். அதுவரை காம்பராவை விட்டுக்கொடுத்து எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ மாடி அறையில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கதவைப் பூட்டிக்கொண்டு வெக்கையில் உட்கார்ந்திருப்பது, வாசலில் நின்றாலே நாலு பேரோடு பேசிப் பழகியவருக்குப் பெரிய தனிமை. பகலிலும் யாராவது வீட்டில் இருக்கிறார்கள், கீழ்த்தளம், நடந்து போகும் தூரத்தில் கோயிலோ தேவாலயமோ இருக்கிறது என்றால் யோசிக்கலாம். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள், மாற்றிப் போவதாக டாக்டரிடம் கடிதமும் வாங்குங்கள். பிரஷர், சீனி மருந்து ஒரு மாசம் விட்டுப்போனால் வரும் பாதிப்பு சாதாரணமில்லை.

மாசத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று முறை வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குள் கணக்குச் சரியாக இருக்கும், பெரியவருக்குத்தான் எந்த இடமும் சொந்தமாக இருக்காது. மறதி உள்ளவர் என்றால் இன்னும் மோசம். கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் பையைக் கட்ட வேண்டி வரும். பெரியவர் ஒரே இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வாருங்கள்.

முதியோர் இல்லம்

"அம்மாவ ஹோம்ல போட்டுட்டான்" என்ற பேச்சுக்குப் பயந்து, ராத்திரியில் ஒரு ஆளும் இல்லாத வீட்டில் கிடக்க விடுவதை விட நல்ல இல்லம் எவ்வளவோ மேல். பிள்ளைகளே இல்லாதவர்கள், எல்லாரும் வெளிநாட்டில் இருப்பவர்கள், வீட்டில் குடியும் அடியும் உள்ளவர்கள், இவர்களுக்கு நான் தயங்காமல் இல்லம் என்றுதான் சொல்வேன்.

அரசாங்கம் நேரடியாக நடத்தும் இல்லங்கள் நாடு முழுக்க ஒரு சிலதான். மற்றவை சமய நிறுவனங்களும் தரும சங்கங்களும் நடத்துபவை, அல்லது மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்கள். சேர்க்கக் கிராம சேவகர் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரின் சிபாரிசு என்று கேட்பார்கள். பல இல்லங்கள் தன் வேலையைத் தானே செய்துகொள்பவரைத்தான் எடுக்கும். படுக்கையில் விழுந்த பிறகு தேடினால் கதவுகள் அடைபட்டிருக்கும் என்பதற்காகவே, நடமாட்டம் உள்ளபோதே விசாரித்து வைக்கச் சொல்கிறேன். இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பார்க்கப் போனால் ஆபிஸ் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அங்கே இருப்பவர்களுடைய நகத்தையும் குதிகாலையும் பாருங்கள். நகம் வெட்டி, குதிகால் வெடிக்காமல் இருந்தால் யாரோ குனிந்து பார்க்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர்க் கிளாஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், முழித்திருப்பார்களா, தூங்குவார்களா? தமிழ் பேசும் ஒருவராவது உண்டா? வாழ்நாள் முழுக்கத் தமிழ் மட்டும் பேசிய அம்மா வயிற்று வலியைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்? மாமிசம் சாப்பிடாதவருக்கு என்ன கொடுப்பார்கள், விபூதி பூசிக்கொள்ள விடுவார்களா, வருத்தம் முற்றினால் வைத்திருப்பார்களா திருப்பி அனுப்புவார்களா, இறந்தால் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரலாமா? இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நேர்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

சேர்த்த பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளை வந்து போகும் ஆள் என்று தெரிந்தால் கவனிப்பே வேறு மாதிரி இருக்கும்.

பிள்ளைகள் கைவிட்டால்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத, 60 வயது தாண்டிய அம்மாவோ அப்பாவோ பராமரிப்புச் சபையில் செலவு கேட்டு விண்ணப்பிக்கலாம். வழியை அந்த முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரே சொல்வார். வக்கீல் தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழு வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவும். பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் பட்டினி கிடப்பது தெரிந்தால், அது அவங்க வீட்டு விசயம் என்று இருக்காதீர்கள். அவர் சார்பில் போய்ச் சொல்லுங்கள்.

அவசரமும் மண்சரிவும்

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் எல்லா லயத்து வாசலுக்கும் அதனால் வர முடியாது. எந்தச் சந்தி வரைக்கும் வண்டி வரும் என்று பகலிலேயே பார்த்து வைத்து, போனில் அந்த இடத்தைச் சொல்லி, டோர்ச்சோடு ஒருவரை அங்கே நிறுத்துங்கள். லயத்திலிருந்து அந்தச் சந்திக்குத் தூக்கிப்போக, கைப்பிடி உள்ள பலமான மரக் கதிரை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி வையுங்கள். கம்பளியில் தூக்கினால் இடுப்பு முறிந்தவருக்கு உயிர் போகும் வலி. தூக்க வரும் நாலு பையன்கள் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவர்களை எண்ணாதீர்கள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, மருந்து மூன்றும் ஒரே பையில் கதவுப் பக்கம் தொங்கட்டும்.

2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவும் 2025 நவம்பரில் தித்வா புயலும் நமக்குக் காட்டியதை மறக்கக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்லும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராகச் சொல்லும், 150 தாண்டினால் வெளியேறச் சொல்லும். இது நடக்கக் கூடியவர்களுக்கான கணக்கு. நடக்க முடியாத பெரியவர் இருக்கும் வீடு ஒரு கட்டம் முந்திக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் தயாராகும் நேரத்தில் நீங்கள் கதிரையைத் தூக்கியிருக்க வேண்டும், இருட்டுவதற்கு முன்னால். பாடசாலை மண்டபத்தில் தரையில் பாய் போட்டால் அவரால் எழும்ப முடியாது. அந்த வாளியும் நாற்காலியும் மாற்றுத் துணியும் கூடவே போக வேண்டும். உங்கள் வீட்டில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஆள் இருக்கிறார் என்று கிராம சேவகரிடமும் தோட்ட ஆபிசிலும் மழைக்காலம் தொடங்கும் முன்பே பெயரும் லயத்து இலக்கமும் எழுதிக் கொடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் லொறி முதலில் உங்கள் பக்கம் வரக் கேட்க முடியும்.